பெயர் தெரியாத தொட்டிகள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

“என்ன செடி அது?”

கடந்த கோடை விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதில் மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. இரண்டு ஆண்டுகள் தாவரவியல் பயின்றவள் நான். ஊமத்தையின் மலர்ச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன். பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டை வரிசை பிறழாமல் ஒப்பிப்பேன். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் ஓராண்டுக்கும் மேலாக நின்றிருந்த தொட்டிச் செடியின் பெயர் எனக்குத் தெரியவில்லை. “பச்சை இலை டாக்டர். நடுவிலே வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்கும்” என்றேன். அதைச் சொல்லத் தாவரவியல் படிக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். என் அக்காளின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. தவழ்வதை விட்டு ஓடத் தொடங்கிய பருவம். எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த வேளையில் அவன் அந்தச் செடியின் இலையைப் பிய்த்துக் கடித்துவிட்டான். மறுகணமே வீறிட்டு அழுதான். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது. உதடுகள் தடித்தன. வீடே அலறியது. பக்கத்து வீட்டு அம்மாள் உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஓடி வந்தார், வாந்தி எடுக்க வைப்பதற்காக. பாட்டிதான் அவரைத் தடுத்து, ஈரத்துணியால் குழந்தையின் வாயைத் துடைத்து, இலைத் துணுக்குகளை வெளியே எடுத்தார். பிறகு ஆட்டோ பிடித்து ஓடினோம்.

பெயர் தெரியாததால், அக்காளையும் குழந்தையையும் மருத்துவரிடம் விட்டுவிட்டு நான் மீண்டும் வீட்டுக்கு ஓடி ஓர் இலையைப் பறித்து வந்தேன். அதைப் பார்த்ததும், “டிபன்பாக்கியா” என்றார் அவர். மூச்சு சீராக இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று சில மணி நேரம் உடன் வைத்துப் பார்த்தார். வீக்கம் மெல்ல வடிந்தது. மறுநாள் காலையில் பையன் இட்லி கேட்டு அடம் பிடித்தான்.

குழந்தை தப்பியது. ஆனால் செடிகள் தப்பவில்லை. அன்றிரவே அப்பா வீட்டிலிருந்த எல்லாத் தொட்டிகளையும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த மணிபிளாண்டையும் சேர்த்துத் தூக்கித் தெருமுனையில் வைத்துவிட்டார். பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாக இரண்டு கேள்விகள் கேட்டார்.

“அங்கே வச்சா காலைல ஆடு திங்காதா? ஆட்டுக்கு வாய் இல்லையா?”

“நாக்கை அரிக்குதுன்னா எறியணும்னா, சமையல்கட்டுல இருக்கிற கருணைக்கிழங்கையும் எடுத்துட்டுப் போயேன்.”

அப்பாவால் இரண்டுக்கும் விடை சொல்ல முடியவில்லை. தொட்டிகள் மீண்டும் வீட்டுக்கு வந்தன. அந்த இரண்டு கேள்விகளும் என் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை. அவற்றை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சிறிது நஞ்சுள்ள செடி இருப்பது ஆபத்தன்று. அதன் பெயரும் குணமும் தெரியாமல் இருப்பதே ஆபத்து.

கருணைக்கிழங்கு சொல்லும் பாடம்

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “உன் முதலாமாண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்” என்றார். புரட்டினேன். சேம்பின் இலைக்காம்பைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, ஊசிக் கட்டுகள் போன்ற படிகங்களை நானே படம் வரைந்து, ‘ரேபைடுகள்: கால்சியம் ஆக்ஸலேட்’ என்று பெயர் குறித்திருந்தேன். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அந்த ஊசிகள்தாம் என் அக்காள் மகனின் நாக்கில் குத்தின என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிபன்பாக்கியா, மணிபிளாண்ட், பிலோடெண்ட்ரான், கலேடியம், அக்லோனிமா, ‘பீஸ் லில்லி’ எனப்படும் ஸ்பாத்திபில்லம் ஆகிய அனைத்தும் அரேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சேம்பும் சேனையும் அதே குடும்பந்தான். இச்செடிகளின் சில செல்களுக்குள் நுண்ணிய ஊசிகள் கட்டுக் கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இலையைக் கடித்தாலோ கசக்கினாலோ அந்தச் செல்கள் உடைந்து ஊசிகள் வெளிப்படுகின்றன. அவை வாயின் மென்மையான தோலில் தைக்கின்றன. அதனால்தான் எரிச்சலும் வீக்கமும் எச்சில் ஒழுக்கும். முதல் கடியிலேயே வலிப்பதால் குழந்தையோ நாய்க்குட்டியோ பெரும்பாலும் அடுத்த கடிக்குப் போவதில்லை. பெரும்பாலானோர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நலம் பெற்றுவிடுகின்றனர். அரிதாகத் தொண்டை வீங்கி மூச்சுக்குத் தடை ஏற்படலாம். அதனால் அலட்சியமும் கூடாது.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கருணைக்கிழங்கு நம் நாக்கை அரிக்கும் என்பதை அறியாத வீடு தமிழகத்தில் உண்டா? ஆயினும் அதை யாரும் தூக்கி எறிவதில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குகிறோம். அரிசி கழுவிய நீரில் ஊற வைக்கிறோம். புளி சேர்த்து நன்றாக வேகவைக்கிறோம். தோண்டிய உடனே சமைக்காமல் சில நாள் போட்டு வைத்திருந்து எடுக்கிறவர்களும் உண்டு. சோற்றுக்கற்றாழையை மடலோடு தின்பாரும் இல்லை. தோலைச் சீவி, மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கணக்கே வைத்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்குவது அந்த மஞ்சள் பால்தான் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. ஏட்டுக் கல்வி பெறாத பாட்டிக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஆக, நஞ்சோடு வாழ்வது நமக்குப் புதிதன்று. நம் மாநில மலரான செங்காந்தளே கடும் நஞ்சுடையது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் உழவர்கள் அதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு, மருந்துக்காக விதைகளை விற்கின்றனர். அதன் குணம் தெரிந்துதான் பயிரிடுகிறார்கள்.

அதிர்ஷ்டத்தின் பெயர் உண்டு, குணத்தின் பெயர் இல்லை

நம் முன்னோர் செடிக்குப் பெயர் வைத்தபோதே அதில் எச்சரிக்கையையும் சேர்த்து வைத்தார்கள். தொட்டால் சொறியும் செடிக்குக் காஞ்சொறி என்று பெயர். தின்னத் தகாத கசப்புச் சுரைக்குப் பேய்ச்சுரை, கசப்புப் புடலுக்குப் பேய்ப்புடல். ‘பேய்’ என்ற ஒரு சொல்லே போதும், குழந்தைகூட வாயில் வைக்காது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் என்னவாகும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். நம் பகுதியில் வழங்கிய அந்தப் பெயரையே 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் தம் நூலில் ‘திருக்கள்ளி’ என்று அறிவியல் பெயராக ஏற்றார். பெயருக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

இன்று தள்ளுவண்டியிலும் நர்சரியிலும் இணைய வழியிலும் நம் வீட்டுக்குள் வரும் செடிகளுக்கு என்ன பெயர்? மணிபிளாண்ட், லக்கி பாம்பூ, குபேரச் செடி! அதிர்ஷ்டத்தைச் சொல்லும் பெயர் இருக்கிறது. குணத்தைச் சொல்லும் பெயர் இல்லை. ‘லக்கி பாம்பூ’ மூங்கிலே அன்று; அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா. மணிபிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரியா என்னும் சிறு தீவு. டிபன்பாக்கியா அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகளிலிருந்து வந்தது. வியன்னா நகரின் அரண்மனைத் தோட்டத்தில் பணியாற்றிய டிபன்பாக் என்னும் தோட்டக்காரரின் நினைவாக அப்பெயர் பெற்றது. ஆங்கிலேயர் அதற்கு ‘ஊமைத் தண்டு’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கின்றனர். கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு வராது என்பதால் வந்த பெயர். அவர்கள் ஊரிலும் பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது. நம் ஊருக்குச் செடி வந்தது, எச்சரிக்கை வரவில்லை.

பெயர் வராத இடத்தில் வதந்தி வந்து உட்காருகிறது. ஒரு பக்கம், “இந்தச் செடி குழந்தையை ஒரு நிமிடத்திலும் பெரியவரைப் பதினைந்து நிமிடத்திலும் கொன்றுவிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது உண்மையன்று. மறுபக்கம், “இந்தச் செடி வீட்டுக் காற்றையெல்லாம் தூய்மையாக்கும்” என்ற விற்பனைப் பேச்சு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. நம் வீடு மூடிய பெட்டியன்று. கதவு சன்னல் வழியாகக் காற்று மாறுவதற்கு ஈடான பயனைச் செடிகளிடமிருந்து பெற வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. அத்தனை தொட்டிகளை வைத்தால் நாம் எங்கே படுப்பது?

பயமுறுத்தும் வதந்தியும் பொய். புகழும் வதந்தியும் பொய். இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நம்புகிறோம் என்பதுதான் வேடிக்கை.

சிறியதும் பெரியதும்

“எல்லாம் நஞ்சுதானே, எதற்கு வம்பு?” என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது தவறு. ஏனெனில் சிறு தீமையைக் கண்டு அஞ்சி ஓடுகிறவர் பெருந்தீமையை அறியாமல் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடும். மணிபிளாண்டை எறிந்துவிட்டு, பார்க்கக் குட்டிப் பனை போல அழகாக இருக்கிறதென்று சைக்கஸை வாங்கி வைக்கும் வீடுகள் உண்டு. நாய் சைக்கஸின் விதையைத் தின்றால் அதன் கல்லீரலே கெட்டு உயிர் போகலாம். வீட்டுக்குள் வைக்கும் அரிக்கா பாமோ நாய்க்கும் பூனைக்கும் தீங்கற்றது. தோற்றத்தில் இரண்டும் பனைச் சாயல்தான். பெயர் தெரிந்தவருக்கே வேறுபாடு தெரியும்.

பூனை வளர்ப்போருக்கு இன்னொன்று. பீஸ் லில்லி உண்மையான லில்லி அன்று. அதைக் கடித்தால் பூனையின் வாய் எரியும், அவ்வளவே. ஆனால் பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியின் இலையைச் சிறிது தின்றாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஒரே ‘லில்லி’ என்ற பெயருக்குள் எரிச்சலும் இருக்கிறது, மரணமும் இருக்கிறது.

அரளியும் பொன்னரளியும் இக்கட்டுரையில் நான் பேசும் ‘சிறு நஞ்சு’ வரிசையில் சேரா. அவை இதயத்தைத் தாக்குபவை. 2024 மே மாதத்தில் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப் பூவைப் பயன்படுத்தக்கூடாது என்று முடிவெடுத்தது. பூசைக்கு அதைத் தடுக்கவில்லை. வாய்க்குப் போகும் வழியை அடைத்தார்கள். ஊரிலுள்ள அரளிச் செடிகளையெல்லாம் வெட்டச் சொல்லவில்லை. அளவறிந்த முடிவு என்றால் அதுதான்.

வாசலில் வைக்கும் கிறிஸ்து முள் என்னும் சிறு கள்ளியின் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். ‘பாம்புச் செடி’ என்று விற்கப்படும் சான்செவீரியா நம் ஊர் மருளின் உறவு. நாயோ பூனையோ தின்றால் வாந்தி எடுக்கும். செம்பருத்தியும் மல்லிகையும் வீட்டில் யாருக்கும் தொல்லை தராதவை. எது எந்த இடத்தில் நிற்கத் தகும் என்பதை இந்த அளவுக்காவது அறிந்திருந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

நான் சொல்வன எல்லாம் சின்னச் சின்னப் பழக்கங்கள்தாம். பணச் செலவில்லாதவை.

குழந்தை தவழும் வீட்டில் தரையில் தொட்டி வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மணிபிளாண்டின் கொடி கீழே தொங்கினால் கத்தரித்து விடுங்கள். பூனைக்கு உயரம் ஒரு பொருட்டன்று. ஆகவே பூனை உள்ள வீட்டில் அது நுழையாத அறையே நல்லது. உதிர்ந்த இலைகளை அன்றன்றே பெருக்கி எடுங்கள். செடியைக் கத்தரிக்கும்போது கையுறை அணியுங்கள். இல்லையேல் ஒரு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கத்தரித்த தண்டுகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். பாட்டியின் முதல் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை கடித்துவிட்டால் வாயிலிருப்பதை எடுத்துத் துடையுங்கள். விழுங்க முடிந்தால் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல் கொடுப்பது செடியைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும். கண்ணில் பால் பட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினாலும், விழுங்கத் திணறினாலும், மூச்சு மாறினாலும் ஒரு கணமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். போகும்போது ஓர் இலையை எடுத்துக்கொண்டு போங்கள். நாயும் பூனையும் வாய் திறந்து சொல்லா. எச்சில் ஒழுக்கி, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அங்கும் இலை உடன் போகட்டும்.

“குழந்தையின் உயிர் பெரிதா, செடியின் அழகு பெரிதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அக்காளே அதைக் கேட்டாள். குழந்தைதான் பெரிது என்பதில் ஐயமில்லை. அதனால்தான் அந்த டிபன்பாக்கியா இப்போது எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கும் என் அத்தை வீட்டில் இருக்கிறது. மணிபிளாண்ட் பரண் விளிம்புக்கு ஏறிவிட்டது. பெயரும் குணமும் தெரிந்த பின் ஒரு செடியை வீட்டைவிட்டு அனுப்புவது விவேகம். தெரியாமல் தெருவில் எறிவது நம் ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுவது.

நம் கல்லூரியில்

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி முகப்பில், அலுவலக வாசலில், நூலகப் படிக்கட்டில், விடுதித் தாழ்வாரத்தில் தொட்டிகள் இருக்கின்றன. விடுமுறைக்குப் பின் ஒரு நாள் அவற்றை எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்து மூன்று. அவற்றுள் பத்தொன்பது அரேசி குடும்பத்தவை. ஒன்றில்கூடப் பெயர்ப் பலகை இல்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அவற்றைக் கடந்து போகிறோம். விடுதி மாணவர்கள் சோறு வைத்து வளர்க்கும் நாய்க்குட்டிகள் அங்கேதான் விளையாடுகின்றன. பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோரின் கைக்குழந்தைகளும் அங்கேதான் இறக்கிவிடப்படுகின்றன.

தாவரவியல் துறை மாணவர்களாகிய நாமே ஒரு சனிக்கிழமை முற்பகலை ஒதுக்கி, ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டையைச் செருகினால் என்ன? முதல் வரியில் செடியின் பெயர். இரண்டாம் வரியில் அதன் குடும்பம். மூன்றாம் வரியில், “வாயில் வைத்தால் எரியும்” என்றோ, “பால் கண்ணில் படக்கூடாது” என்றோ, “தீங்கில்லை” என்றோ எல்லோருக்கும் புரியும் தமிழில் ஒரு செய்தி. மூன்றாம் வரியைத் தமிழ்த்துறை நண்பர்கள் எழுதித் தரட்டும். காஞ்சொறி, பேய்ச்சுரை என்று பெயர் கண்ட மொழிக்கு, டிபன்பாக்கியாவுக்கும் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் காண முடியாதா என்ன? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் சிற்றூர்களிலும், பால்வாடித் தொட்டிகளிலும் இதைச் செய்யலாம்.

மூன்றாண்டுகள் நாம் செடிகளைப் படிக்கிறோம். பதிவேட்டில் வரைகிறோம், பரிசோதனைக் கூடத்தில் வெட்டுகிறோம், தேர்வில் எழுதுகிறோம். அந்தப் படிப்பு வீட்டுக் கூடத்து மூலை வரைக்கும் வந்து சேராவிட்டால் அதனால் யாருக்கு என்ன பயன்? மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, “பச்சை இலை, வெள்ளைப் புள்ளி” என்று சொன்ன வெட்கம் என்னோடு போகட்டும்.

இன்று மாலை வீட்டுக்கோ விடுதி அறைக்கோ போனதும் அங்கிருக்கும் தொட்டியின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். “என்ன செடி இது?” என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால் ஓர் இலையோடு எங்கள் துறைக்கு வாருங்கள், சேர்ந்தே கண்டுபிடிப்போம்.